காக்கை கருப்பாகவே விழ: மேனுவல் லென்ஸ்காரர்களுக்கு ஒரு கையேடு

முதலில் ஒரு பழைய லென்ஸ் வேண்டும். புது லென்ஸ் உதவாது. அது தானே ஃபோகஸ் செய்துகொள்ளும், படம் எடுக்கும் நொடியில் தானே அபெர்ச்சரைச் சுருக்கும், எவ்வளவு சுருக்கினேன் என்று கேமராவிடம் ஒப்பிக்கவும் செய்யும். லென்ஸும் கேமராவும் இப்படித் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டால் உங்களுக்கு அங்கே என்ன வேலை? ஆகவே கையால் திருகினால்தான் அசையும் லென்ஸாகப் பார்த்துப் பிடியுங்கள். மாமனார் வீட்டு பீரோ, மூடிவிட்ட ஸ்டுடியோவின் பரண், உக்ரைனிலிருந்து தபாலில் விற்கும் யாரோ ஒருவர் என்று கிடைக்கும் இடங்கள் பல. வீட்டில் விலை கேட்டால் "சும்மாதான் கிடைச்சுது" என்று சொல்லலாம். பீரோ லென்ஸாக இருந்தால் அது உண்மையும்கூட. அடாப்டர், ஈரம் புகாத பெட்டி, முதல் அடாப்டர் பொருந்தாததால் வாங்கிய இரண்டாவது அடாப்டர் ஆகியவற்றை அன்றைக்கே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாவது, லென்ஸைக் கேமராவில் மாட்டுவது. ஒவ்வொரு கம்பெனியும் பழைய லென்ஸ்காரரை ஒவ்வொரு விதமாக நடத்தும். உங்களுக்கு எந்த வகை மரியாதை பிடிக்கும் என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது நல்லது.

நிக்கான்காரர்கள் பெருமை பேசுவார்கள். 1959இல் வந்த எஃப் மவுன்ட் இது, தாத்தா காலத்து லென்ஸும் இன்றைய டிஎஸ்எல்ஆரில் ஏறும் என்பார்கள். ஏறும்தான். ஏறிய பிறகு என்ன ஆகும் என்பதில்தான் பேச்சை மாற்றிவிடுவார்கள். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த லென்ஸை மாட்டி ஷட்டரை அழுத்தினால், லென்ஸே மாட்டவில்லை என்று திரையில் வரும். கண்ணெதிரே கால் கிலோ கண்ணாடியும் பித்தளையும் தொங்கிக்கொண்டிருக்கும். சிப் இல்லாத லென்ஸ் அந்தக் கேமராவின் கணக்கில் லென்ஸே அல்ல. மேலே உள்ள டயலை 'எம்' என்ற எழுத்துக்குத் திருப்பினால், போனால் போகிறது என்று படம் எடுக்கும். மீட்டர் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்காது. வெளிச்சம் எவ்வளவு என்பதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கையேட்டின் முழுப் பலனையும் அடைய விரும்புவோருக்கு இந்த வரிசையையே சிபாரிசு செய்கிறேன்.

கொஞ்சம் கூடுதல் காசு போட்டு டி7000, டி7200, டி700 என்று வாங்கியவர்களுக்கு மவுன்ட்டைச் சுற்றியுள்ள வளையத்தில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். இது 1977இல் நிக்கான் கொண்டுவந்த ஏஐ ஏற்பாடு. அந்த ஏஐக்கும் இன்று எல்லோரும் பேசும் ஏஐக்கும் எந்த உறவும் இல்லை. இது கெட்டிக்காரத்தனம் ஏதுமில்லாத ஒரு துண்டு உலோகம். லென்ஸ் வளையத்தைத் திருகினால் நாக்கும் கூடவே நகர்ந்து, முழுத் திறப்பிலிருந்து எத்தனை ஸ்டாப் இறங்கியிருக்கிறீர்கள் என்று கேமராவுக்குச் சொல்லும். எந்த எண்ணிலிருந்து இறங்கினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அதை நீங்கள் மெனுவுக்குள் போய் "50 எம்எம், எஃப் 1.8" என்று மனு எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு 135 எம்எம் லென்ஸை மாட்டிவிட்டு மெனுவை மறந்தால், எக்ஸ்போஷர் பெரும்பாலும் தப்பித்துவிடும், பதிவாகும் எண்கள் மட்டும் பொய்யாக இருக்கும்.

இந்த நாக்குக்கும் ஒரு கெடு உண்டு. 1977க்கு முந்தைய, திருத்தப்படாத லென்ஸைப் பலவந்தமாக மாட்டினால் நாக்கு முறியும். நாக்கே இல்லாத மலிவுக் கேமராக்களில் முறிய எதுவும் இல்லாததால், அந்தக் கிழட்டு லென்ஸ்களில் பெரும்பாலானவை நிம்மதியாகப் போய் உட்காரும். அதாவது எல்லாரையும் வீட்டுக்குள் விடும் கேமரா யாருக்கும் மீட்டர் காட்டாது. மீட்டர் காட்டும் கேமராவோ ஆள் பார்த்துத்தான் கதவைத் திறக்கும். 2017இல் வந்த டி7500இல் நாக்கையும் எடுத்துவிட்டார்கள். சிக்கனம்தான் காரணமாக இருக்க வேண்டும். அந்த நாக்கை வைத்துப் படம் எடுப்பவர்கள் புது லென்ஸ் வாங்குவதில்லையே.

பென்டாக்ஸ் ஒழுங்கான கம்பெனி. பழைய கே, எம் லென்ஸ்களுக்கென்றே மெனுவில் ஒரு அனுமதி வைத்திருக்கிறார்கள். அதை இயக்கி, எம் முறையில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் லென்ஸ் ஒரு கணம் உங்கள் அபெர்ச்சருக்குச் சுருங்கும், கேமரா அளக்கும், ஷட்டர் வேகத்தைத் தானே வைத்துக்கொள்ளும். சில மாடல்களில் வேறொரு பொத்தான் அந்த வேலையைச் செய்யும். தவறிப்போய் ஏவி முறையில் வைத்தீர்களென்றால், வளையத்தில் 8 இருந்தாலும் 11 இருந்தாலும் ஒவ்வொரு படத்தையும் முழுத் திறப்பிலேயே எடுக்கும். எக்ஸ்போஷர் சரியாகத்தான் இருக்கும். நடுவில் நிற்கும் மணமகள் தெளிவாக இருக்க, இரண்டு பக்கமும் முன்பின்னாக நிற்கும் சம்பந்திகள் கலங்கிப்போவார்கள். அது வேறு வகைப் பிரச்சினை, இந்தக் கையேட்டின் எல்லைக்குள் வராது.

கேனான் இஓஎஸ்ஸில் எம்42 திருகு லென்ஸ் அடாப்டர் வழியாக அழகாக உட்காரும். எம்42 லென்ஸ் படத்தளத்திலிருந்து 45.46 மிமீ தள்ளி இருக்க வேண்டும், கேனானின் தூரம் 44 மிமீ. மிச்சமிருக்கும் ஒன்றரை மில்லிமீட்டரில் அடாப்டர் அடங்கிவிடுகிறது. நிக்கானில் அந்தத் தூரம் 46.5 என்பதால் நடுவே ஒரு கண்ணாடித் துண்டு வைத்தாலொழிய தொலைவில் உள்ள எதுவும் ஃபோகஸ் ஆகாது. இரண்டாவது அடாப்டர் வாங்க நேர்வது இதனால்தான். கேனானில் ஏவி முறை வேலை செய்யும், ஆனால் மீட்டர் அளப்பது ஃபோகஸிங் திரையில் விழும் வெளிச்சத்தை. அந்தத் திரை நடுத்தரமான லென்ஸுக்காகச் செய்யப்பட்டது. எஃப் 1.4இல் ஒரு பேச்சு, எஃப் 11இல் வேறு பேச்சு என்று மாற்றி மாற்றிச் சொல்லும். எந்தப் பக்கம் எவ்வளவு தவறுகிறது என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். ஒரே சுவரை, வெளிச்சம் மாறாத நேரத்தில், எல்லா அபெர்ச்சரிலும் எடுத்துப் பார்த்து ஒரு பட்டியல் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். லைவ் வியூவில் எடுத்தால் சென்சாரே அளப்பதால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும், பட்டியல் எழுதும் சுகமும் அதோடு போகும்.

கேனான்காரர்களுக்கு இன்னொரு செய்தி. கேமரா வாரில் ஒரு சின்ன ரப்பர் துண்டு கோர்த்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் இல்லை. முக்காலியில் வைத்துக் கண்ணை எடுத்துவிட்டு எடுக்கும்போது வியூஃபைண்டர் ஓட்டை வழியாகப் பின்வெளிச்சம் உள்ளே புகுந்து மீட்டரை ஏமாற்றும். லென்ஸை எஃப் 11க்குச் சுருக்கி உள்ளே இருட்டாக வைத்திருக்கும்போது இந்தத் திருட்டு வெளிச்சத்தின் பங்கு இன்னும் அதிகம். அந்த ஓட்டையை மூடத்தான் ரப்பர். கட்டைவிரலாலும் மூடலாம்.

சோனி ஏ7 மாதிரியான மிரர்லெஸ் கேமராக்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழட்டும் என்று ஒரு முறை அனுமதித்துவிட்டால் போதும். உண்மையான அபெர்ச்சரில் சென்சாரே அளக்கும், வியூஃபைண்டரிலேயே படம் ஓவரா அண்டரா என்று தெரியும், வெளுத்துப் போகும் இடங்களில் வரிக்குதிரைக் கோடு போட்டுக் காட்டும். இவ்வளவு சுலபமாக வேலை முடிவது இந்தக் கையேட்டின் நோக்கத்துக்கே விரோதம்.

மூன்றாவது படிதான் முக்கியம். மீட்டரை நம்பாதிருக்கப் பழகுவது.

மீட்டருக்கு உலகத்தில் ஒரே ஒரு சாயல்தான் தெரியும். நடுச்சாம்பல். கோடாக் நிறுவனம் அந்தச் சாயலில், விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் அட்டையை அச்சடித்தே விற்றது. நீங்கள் எதைக் காட்டினாலும், அது அந்த அட்டைதான் என்று நினைத்து மீட்டர் கணக்குச் சொல்லும். வேடந்தாங்கலில் போய் ஃபிரேம் முழுக்க ஒரு வெள்ளைக் கொக்கை வைத்து மீட்டர் சொன்னபடி எடுங்கள். சாம்பல் கொக்கு விழும். வீட்டுக்கு வந்து மதில்மேல் உட்கார்ந்திருக்கும் காக்கையை அதே பக்தியோடு எடுங்கள். சாம்பல் காக்கை விழும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூக்கை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். சமத்துவத்தை இவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கும் இன்னொரு கருவி இல்லை.

ஆகவே கொக்கு வெள்ளையாக விழ மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும், காக்கை கருப்பாக விழ ஒரு ஸ்டாப்போ ஒன்றரையோ குறைக்க வேண்டும். முதல்முறை கேட்பவருக்கு இது தலைகீழாகப் படும். வெள்ளையாக இருப்பதற்கு மேலும் வெளிச்சமா, கருப்புக்கு இன்னும் குறைவா என்பார்கள். ஆமாம். வேட்டி சட்டையில் நிற்கும் மாப்பிள்ளைக்கும் மெரினாவின் மணலுக்கும் கூட்டுங்கள். கருங்கல் தூணுக்கும் கோட்டு போட்ட வரவேற்பு மாப்பிள்ளைக்கும் குறையுங்கள். பட்டுப் புடவையின் சரிகையை மட்டும் தனியாக விடுங்கள், அது பளபளக்கத்தான் நெய்யப்பட்டது.

சாம்பல் அட்டை வாங்க மனமில்லாதவர்களுக்கு இயற்கை உள்ளங்கையைத் தந்திருக்கிறது. மாநிறமோ கருப்போ சிவப்போ, ஆளின் நிறம் மாறும் அளவுக்கு உள்ளங்கை மாறுவதில்லை. நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிச்சமாக இருக்கும். எடுக்கப்போகும் ஆள்மீது விழும் அதே வெளிச்சத்தில் கையை நீட்டி, ஃபிரேம் முழுக்க உள்ளங்கையை நிறைத்து அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு கையில் கேமராவும் மறு கையை உயர்த்தியும் நிற்கும்போது, நீங்கள் ஆசீர்வாதம் செய்வதாக நினைத்து யாராவது குனிந்தால், செய்துவிடுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் வெளிச்சம் மாறிவிடும்.

நான்காவது படி, லென்ஸின் உண்மையான விலை வீட்டில் தெரியவந்த அன்று நடந்த பேச்சுவார்த்தை தொடர்பானது. அச்சில் ஏற்றத் தகுந்ததல்ல.

ஐந்தாவது, மீட்டரே இல்லாமல் எடுப்பது. டி3000காரர்கள் இங்கே விழித்துக்கொள்ளவும். நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் பின்னம். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100, இருநூறு என்றால் 1/200. நிழல் விளிம்பு மங்கும் மூட்ட வெயிலுக்கு 11. மேகம் மூடினால் 8. நல்ல வெயில் நாளில் திறந்த நிழலுக்கு 4. வெறும் மணலுக்கு 22. இது ரகசிய வித்தை ஒன்றும் இல்லை. ஃபிலிம் பெட்டியோடு வந்த காகிதத்தில் சூரியன் படமும் மேகம் படமும் போட்டு இதைத்தான் அச்சடித்திருந்தார்கள். எல்லோரும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபிலிமை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சூரியன் ஓர் ஒழுங்கான ஊழியர். நண்பகலுக்கு அண்டை நேரங்களில் அதன் வெளிச்சம் நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. காக்கைமேல் விழுவதும் கொக்குமேல் விழுவதும் ஒரே வெளிச்சம் என்பதால் இந்த முறையில் இரண்டும் தத்தம் நிறத்திலேயே விழும். மீட்டர் வைத்திருப்பவர் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும்போது மீட்டர் இல்லாதவர் சும்மா இருந்தே ஜெயிக்கும் இடம் இது ஒன்றுதான். மண்டபத்துக்குள் நுழைந்ததும் இந்தப் பெருமை தீர்ந்துவிடும்.

"அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் கண்ணாலயே வெளிச்சம் சொல்லிடுவார்" என்று ஒரு கதை உலவுகிறது. சொல்வார்தான். அவர் சொன்னது இரண்டு ஸ்டாப் ஓவராகப் போனாலும் நெகட்டிவ் ஃபிலிம் தாங்கிக்கொண்டது என்பதையும், பிரின்ட் போட்ட லேப்காரர் ஒவ்வொரு ஃபிரேமையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார் என்பதையும் கதை விட்டுவிடுகிறது. டிஜிட்டலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அண்டரில் விழுந்ததைக் கொஞ்சம் தூக்கலாம். நாய்ஸ் வரும், அவ்வளவுதான். ஓவரில் வெளுத்த இடத்தில் எதுவுமே இருக்காது, தோண்டினாலும் வராது. ஆக, சந்தேகம் வந்தால் மணமகளின் மூக்குத்திப் பக்கம் சாயாமல் மாப்பிள்ளையின் சட்டை மடிப்பைக் காப்பாற்றுங்கள். ரா கோப்பில் எடுங்கள். திரையில் காட்டும் ஹிஸ்டோகிராம் ஜேபெக் படத்தை வைத்து வரையப்பட்டது என்பதால், ராவில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கும். அந்தக் கொஞ்சத்தையும் முன்கூட்டியே செலவழித்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு படம் எடுத்து, பின்னால் பார்த்து, ஒரு திருகு திருகி, மறுபடி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். மூன்று நொடி வேலை. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் கையேடு கால் பக்கத்தில் முடிந்துபோயிருக்கும். பார்க்கும்போது படத்தைப் பார்க்காமல் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். உச்சி வெயிலில் திரை மங்கலாகத் தெரிந்து ஓவர் செய்ய வைக்கும். ராத்திரி மண்டப வாசலில் அதே திரை ஜெகஜோதியாக எரிந்து, எல்லாம் பிரமாதம் என்று நம்ப வைக்கும். காலையில் கம்ப்யூட்டரில் திறந்தால் தவில்காரர் இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

குடும்பப் படம் எடுக்கும்போது மேற்படி எந்தக் கணக்கும் ஞாபகம் வராது. வரிசையாக நின்றவர்கள் சிரிப்பை முகத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நீங்கள் ஃபோகஸுக்காக லென்ஸை முழுக்கத் திறந்து, திருகி, பிறகு 5.6க்குச் சுருக்கி, மீட்டர் பார்த்து, வேட்டிக்குக் கூட்டி, நிமிரும்போது அத்தை கேட்பார்: "ஏம்ப்பா, இன்னும் எவ்ளோ நேரம் பல்லைக் காட்டிக்கிட்டே நிக்கிறது? போன்லயே எடுத்துடேன்." மாமா ஏற்கெனவே பந்திக்குப் போயிருப்பார். இதைத் தவிர்க்க ஒரே வழி, அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே சும்மா சுற்றும் பொடியன் ஒருவனை அதே இடத்தில் நிற்க வைத்து எல்லாவற்றையும் அளந்து முடித்து, எம் முறையில் பூட்டி விடுவது. மண்டப விளக்கு மாறாதவரை எக்ஸ்போஷரும் மாறாது. பிறகு யார் எந்த நிறத்தில் வந்து நின்றாலும் மீட்டரின் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். ஹீலியோஸ் 44-2 வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. அந்தச் சோவியத் லென்ஸில் இரண்டு வளையங்கள், ஒன்றில் 5.6 என்று எல்லை வைத்துவிட்டால், மற்றதைக் கண் எடுக்காமலே திறந்து ஃபோகஸ் செய்து, முட்டும்வரை திருப்பிச் சுருக்கலாம். சுருக்க மறந்தால் எம் முறையில் மொத்தக் குடும்பமும் மூன்று ஸ்டாப் ஓவரில் ஜோதியில் கலந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று இருட்டாகவும் வந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள், சீரியல் செட்டைப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு நூறு முறை மினுக்கும். 1/500இல் எடுத்தால் மினுக்கலின் எந்தக் கட்டத்தில் மாட்டுகிறீர்கள் என்பது அதிர்ஷ்டம். 1/100க்கோ 1/50க்கோ இறக்கினால் அடங்கும்.

சில தவறுகள் லென்ஸின் வயதால் வருபவை. பிளேடுகளில் எண்ணெய் கசிந்திருந்தால், ஷட்டர் விழும் நேரத்துக்குள் அபெர்ச்சர் சுருங்கி முடியாது, படம் ஓவராகும். முன்கூட்டியே கையால் சுருக்கி எடுக்கும் அடாப்டர்காரர்களுக்கு இந்த நோய் தெரியவே தெரியாது. அசாஹியின் சூப்பர் டகுமார் 50 எம்எம் எஃப் 1.4 வைத்திருந்தால் கண்ணாடி டீ நிறத்தில் மஞ்சளாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் கண்ணாடியின் ஒளிவிலகலைக் கூட்டத் தோரியம் கலந்தார்கள். அதன் கதிர்வீச்சால் கண்ணாடியே பழுத்துவிடுகிறது. வெள்ளைச் சமநிலை மஞ்சளைச் சரிசெய்யும், தின்ற வெளிச்சத்தைத் திருப்பித் தராது. கேமரா மீட்டரில் அளந்தால் அந்த நஷ்டம் கணக்கில் சேர்ந்துவிடும். வெயில் கணக்குப் போடுபவர்தான் அண்டரில் மாட்டுவார். மருந்து வெயிலேதான். ஜன்னலோரம் பல நாள் வைத்தால் புற ஊதா ஒளியில் மஞ்சள் தெளியும். லென்ஸ் எந்தத் திசையில் வெயிலைக் குவிக்கிறது என்று பார்த்து வையுங்கள், இல்லையென்றால் திரைச்சீலை எரியும். அதற்கு நான்காவது படியை மறுபடி நடத்த வேண்டியிருக்கும்.

பறவைக்காரர்களுக்காக 500 எம்எம் மிரர் லென்ஸ். அதில் அபெர்ச்சரே கிடையாது, நிரந்தரமாக எஃப் 8. திருக வளையம் இல்லாததால் தவறாகத் திருகவும் முடியாது. ஆனால் நடுவில் உள்ள கண்ணாடி வெளிச்சத்தில் ஒரு பங்கை மறைப்பதால் அந்த எட்டு முழு எட்டு அல்ல. வெயில் கணக்கில் கொஞ்சம் சேர்த்துப் போடுங்கள். பின்னணியில் தண்ணீர் மினுங்கினால் ஒவ்வொரு மினுங்கலும் மெதுவடையாக விழும். கொக்கைச் சுற்றி ஒரு தட்டு வடை.

கடைசியாக அத்தை சொன்ன போன். அதை இகழாதீர்கள், வாங்கி அதே காட்சியை எடுங்கள். படத்தின் விவரத்தைத் திறந்தால் எஃப் 1.8, 1/250, ஐஎஸ்ஓ 50 என்பது மாதிரி எழுதியிருக்கும். உங்கள் லென்ஸை 5.6இல் வைத்தால் வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகும்; ஐஎஸ்ஓ 400க்குப் போனால் எட்டு மடங்கு கூடும். ஆக 1/200. இவ்வளவுதான், மீட்டர் இல்லாத நிக்கானுக்கு மீட்டர் கிடைத்துவிட்டது. பல போன்கள் வானம் வெளுக்காமலிருக்கக் குறைத்தெடுத்துப் பிறகு உள்ளே தூக்கிக் காட்டும் என்பதால், வேண்டுமானால் அரை ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். போன் படம் ஏற்கெனவே நன்றாக வந்திருப்பதைக் கவனிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படத்தைப் பார்த்துவிட்டு யாராவது என்ன செட்டிங் என்று கேட்பார்கள். ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் கோப்பே சொல்லிவிடும், அவற்றில் விளையாடாதீர்கள். அபெர்ச்சர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், மெனுவில் எழுதிக் கொடுத்த நிக்கான்காரர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பூஜ்யமோ வெற்றிடமோதான் இருக்கும். "எஃப் 8" என்று சொல்லுங்கள். மறுக்க ஆதாரம் யாரிடமும் இல்லை.